அம்பாசடரில் பிறந்தவர்கள்

உதுமான் ராவுத்தர் தன் பட்டறையில் அந்தப் பழைய அம்பாசடர் காரை நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றிய காலையில், கரட்டுப்புதூரில் இருபத்துமூன்று பேர் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்கள். குழாயடியில் நின்ற ஒருத்தி இடுப்புக் குடத்தோடு உயர்ந்தாள், பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர் வாயில் நுரையோடு உயர்ந்தார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரையோ ஏசிக்கொண்டிருந்த வார்டு மெம்பர் ராசமாயன் உட்கார்ந்த வாக்கிலேயே உயர்ந்து, பெஞ்சுக்கும் தனக்கும் நடுவே காற்று புகுவது தெரிந்தும் ஏச்சை நிறுத்தவில்லை. கீழே குனிந்து எதையும் எடுக்க அவர்களால் முடியவில்லை. தூக்கி நிறுத்திய கார் குனியுமா?

கரட்டுப்புதூரில் இதற்காக யாரும் அலறவில்லை. டீக்கடைக்காரர் மெம்பரின் காலுக்குக் கீழே கையை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். தெருவில் உயர்ந்து நின்ற மற்றவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் சுருளி கார்ல பொறந்ததுக. பட்டறைக்கு ஆளனுப்பி என்ன செய்யிறாய்ங்கன்னு கேளுங்கப்பா," என்றார். பிறகு மெம்பரிடம், "நீ டீயக் குடி. கிளாஸக் கீழ போட்டா நீதான் காசு குடுக்கணும்," என்றார்.

மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள், மலைக்குக் கீழே எங்கள் ஊர், ஊரில்தான் ஆஸ்பத்திரி, நடுவே பதினேழு வளைவுகள் உள்ள ரோடு. கடைசி இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பதினாறு என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பஸ்ஸில் தூங்கிவிட்டவர்கள். ஆம்புலன்ஸ் இல்லாத காலத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு வலி எடுத்தால் சுருளிவேலின் காருக்குத்தான் ஆள் ஓடும். சுருளிவேலும் எந்த நேரமென்று பார்க்காமல் பாட்டுப் பாடிக்கொண்டே மலை ஏறிப்போய், பாடிக்கொண்டே அவர்களை இறக்கிக் கூட்டிவருவார். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வந்து பெற்றார்கள். பிள்ளைக்குப் பொறுமை இல்லாதவர்கள் ஏதாவது ஒரு வளைவில் பின்சீட்டிலேயே பெற்றார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் யாராவது ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும், அதற்குச் சேனை வைப்பது என்று பெயர், சேனை வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடுக்காட்டில் வளைவில் யாரைத் தேடுவது? சுருளிவேல் டேஷ்போர்டில் எப்போதும் ஒரு சர்க்கரை டப்பா வைத்திருந்தார். அவர்தான் தொட்டு வைத்தார். அப்படி அவர் கையால் சேனை வாங்கியவர்கள் இருபத்துமூன்று பேர், எல்லோருக்கும் அவர் டிரைவரப்பா. எல்லோருக்கும் வளைவு எண்தான் பட்டப்பெயர். பதினோராம் வளைவு அவருடைய சொந்த மகள் பேச்சி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான தோட்டத்துக்குப் போன அவர் மனைவி, வலி முந்திக்கொண்டு இறங்கி வரும்போது பெற்றது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஊரில் ஒரே விளக்கம்தான் இருந்தது. அவசரத்தில் சுருளிவேல் விரலைக் கழுவவில்லை, சர்க்கரையோடு கிரீஸும் நாக்குக்குப் போய்விட்டது. இதற்கு மேல் அதை யாரும் ஆராயவில்லை. ஆராய்ந்து ஆகப்போவது என்ன?

இலவச ஆம்புலன்ஸ் வந்தபிறகு அந்தக் காரைக் கூப்பிட ஆளில்லை. தகரக் கொட்டகையில் நின்று, அடித்தட்டில் துருவேறி, எலி சீட்டுக்குள் குடியேறி, டயர்கள் நான்கும் சப்பையாகி, அது பாட்டுக்குக் கிடந்தது. அந்த வருடங்களில் இருபத்துமூன்று பேருக்கும் சின்ன வயதிலேயே மூட்டு இறுகி, எழும்போதும் உட்காரும்போதும் கதவு திறக்கும் சத்தம் கேட்டதை, ஊர்த் தண்ணீரின் கோளாறு என்று எல்லோரும் நினைத்திருந்தோம். சுருளிவேலுக்கு வலது கண்ணில் பார்வை போய், இடது கண்ணிலும் பாதி போயிருந்தது. கோயமுத்தூரில் குமரகுரு என்று ஒரு மில்காரர், பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிறவர், மலைக்குச் சுற்றுலா வந்த இடத்தில் கொட்டகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். காரைச் சுற்றி வந்து, துருவைத் தடவி, "இத நம்ம செலவுல புதுசாட்டமே பண்ணிக்கலாமுங்க, இன்னைக்கு வண்டியில இருக்கறதெல்லாம் இதுலயும் போட்டுரலாம், முடிஞ்சதும் எனக்கே குடுத்துருங்க," என்றார். ஓட்ட முடியாத காரைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது சுருளிவேலுக்குக் கஷ்டமாக இருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் வெற்றிலை மாற்றினால் பேச்சு முடிந்தது, பத்திரம் அதற்குப் பிறகுதான்.

அப்படித்தான் கார் உதுமான் ராவுத்தரின் பட்டறைக்குப் போனது, அப்படித்தான் இருபத்துமூன்று பேரும் உயர்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ராவுத்தர் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு முறை தூக்குவதற்கு முன்பும் ஊருக்குள் ஆள் விட்டுச் சொன்னார். சொன்னதும் அடுப்பில் உலை வைத்திருந்தவர்கள் இறக்கி வைத்தார்கள், மாடு பிடித்திருந்தவர்கள் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்தார்கள், காற்று நாள் என்றால் துணி காயும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். துபாயில் டைல்ஸ் ஒட்டப் போயிருந்த பதினாலாம் வளைவுக்காரன் போன் போட்டு, "யார்றா அங்க காரைத் தூக்குனது? நான் ஏணியில நிக்கிறேன்னு மேஸ்திரி நினைச்சுக்கிட்டிருக்கான், இறக்கி விடுங்கடா," என்றான். வெளியூருக்கும் இது உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது, அதைக் கண்டுபிடித்தவன் செல்லாண்டி. அவன் மூன்றாம் வளைவு. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவன், வயிற்றில் கட்டி வந்து, மதுரையில் காட்டி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜீப்பை அவன் மனைவி காமுத்தாய் கற்றுக்கொண்டு ஓட்டினாள். கார் ஜாக்கியில் நின்ற நேரமெல்லாம் செல்லாண்டி கட்டிலுக்கு ஒரு சாண் மேலே படுத்திருந்தான், அந்த நேரமெல்லாம் அவனுக்கு வலி இல்லை. பசி இல்லை. மழித்த தாடி வளரவில்லை. ராவுத்தர் ஒருமுறை கியர்பாக்ஸுக்காகக் காரை ஒன்றரை வாரம் தூக்கியே வைத்திருந்தபோது, மற்ற எல்லோரும் இறக்கச் சொல்லித் திட்ட, செல்லாண்டி மட்டும் மகள்கள் இருவருக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, காமுத்தாயிடம், "மேல இருக்கையில கட்டி வளரலடி. வச்சது வச்சபடி நிக்குது," என்றான். "ராவுத்தர் இஞ்சினத்தான மாத்துறாரு, அப்படியே என் குடலையும் மாத்தினா என்ன?" என்று சிரிக்கவும் செய்தான்.

குமரகுரு லாரி அனுப்பும்வரை இருக்கட்டும் என்று கார் கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது அதை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பால் நிறத்தில், கதவைச் சாத்தினால் சத்தமே வராமல், ஜப்பான் இஞ்சினும் ஏசியும் சுலபமாகத் திரும்பும் ஸ்டியரிங்கும், தூரத்தில் இருந்து பட்டனை அமுக்கினால் நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும் வசதியுமாக வந்து நின்றது. இருபத்துமூன்று பேருக்கும் மூட்டுச் சத்தம் நின்று, மேனி மினுமினுத்து, சித்திரை வெயிலில் சுருளிவேல் ஏசியைப் போட்டால் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு வியர்வை அடங்கியது. அவர்கள் பக்கத்தில் இடம் பிடிக்க மற்றவர்கள் முண்டியடித்தார்கள். முதல் வாரம் ஊர் கொண்டாடியது.

பிறகுதான் மெம்பர் ராசமாயனின் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் சம்மதிக்காத மனிதர் இப்போது ஒற்றை விரலில் திரும்புகிறார் என்று தண்ணீர்க் குழாயில் சொன்னாள். "இங்கிட்டுன்னா இங்கிட்டு, அங்கிட்டுன்னா அங்கிட்டுக்கா. நல்லாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரி சொன்னாலும் திரும்புறாரு." அது ஊருக்குள் பரவி, மெம்பரிடம் காலையில் ஒருவர் கையெழுத்து வாங்க, அதற்கு எதிராகச் சாயங்காலம் இன்னொருவர் வாங்கினார். பேச்சி மாமியாரிடம் பதில் பேச வாய் திறந்தபோது, கொட்டகையில் சுருளிவேல் காரைப் பூட்ட, அவள் வாயும் பூட்டிக்கொண்டது. எவனோ கதவில் சாவியால் கோடு போட, இருபத்துமூன்று பேருக்கும் இடது விலாவில் ஒரு கீறல் விழுந்தது. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் அவர்கள் நின்ற இடத்தில் கால் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததிலிருந்து, சுருளிவேல் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தார், கதவுகளைப் பூட்டாமல் காருக்குள்ளேயே படுத்தார்.

இஞ்சின் இறுகாமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை ஓட்டச் சொல்லியிருந்தார் ராவுத்தர். சுருளிவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மார்க்கெட் வரை போய்வருவார். வந்து இறங்குவதற்குள் கொட்டகை வாசலில் ஆள் நிற்கும்.

"டிரைவரப்பா, முக்குப் பள்ளத்துல விட்டீங்களா? இடுப்பே போச்சு."

"கண்ணு தெரியலப்பா."

"தெரியலைன்னா எதுக்கு ஓட்டுறீங்க?"

"ஓட்டலைன்னா மூட்டு பிடிக்குதுன்னு நீதானப்பா வந்து நின்ன."

"அதுக்காக? என் பொண்டாட்டி ஏழு மாசக்காரி. அவ நாலாம் வளைவுன்னு மறந்துபோச்சா?"

மலையையே பாடிக்கொண்டு இறங்கியவர், சின்ன வேகத்தடைக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு ஏற்றினார். இருபத்துமூன்று பேரின் முதுகெலும்பு தன் வலது காலுக்குக் கீழே இருக்கிறது என்ற நினைப்பில் அவர் சோறு குறைந்து, பாட்டு நின்றது. குமரகுரு எப்போது வருவார் என்று கேட்கத் தொடங்கினார்.

கார் போய்ச் சேரும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பேச்சி பிடிவாதம் பிடித்ததால், அப்பாவும் மகளும் கோயமுத்தூருக்குப் போனார்கள். பளிங்குத் தரை போட்ட நீளமான கூடம், நாற்பத்தொரு கார், கண்ணாடி போல மினுங்கின. பேச்சி கார்களைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். ஒன்றுகூடத் தரையில் படவில்லை. எல்லாம் இரும்புத் தாங்கிகள் மேல் நின்றன.

"எண்ணெயெல்லாம் வடிச்சு, பேட்டரியக் கழட்டி, தூக்கி வெச்சிருவோமுங்க," என்றார் குமரகுரு. "டயர் சப்பையாகாது, துரு வராது. நம்மகிட்ட வந்துட்டா அப்பறம் அதுக்கு அழிவே இல்லீங்க."

"எப்ப இறக்குவீங்க?" என்று கேட்டாள் பேச்சி.

"எதுக்குங்கம்மா இறக்கணும்?"

அவர்கள் திரும்பி வருவதற்குள் இந்தச் செய்தி போனில் ஊருக்கு வந்துவிட்டது. அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் காமுத்தாய் ஜீப்போடு நின்றாள். சுருளிவேல் அவள் புருஷனுக்குச் சேனை வைத்தவர், அதனால் அவளுக்கு மாமா.

"அழிவே இல்லைன்னாராமே மாமா? நெசமா?"

சுருளிவேல் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்பக் குடுத்துருங்க. நடக்க வேணாம், ஜீப்பு ஓட்ட வேணாம், சோறு திங்க வேணாம். கூரைக்குக் கீழ தொங்கிக்கிட்டுக் கெடக்கட்டும். பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்தா அப்பான்னு கூப்பிட ஆள் இருக்கும்ல. எனக்கு அது போதும்."

பேச்சி அவளை நேரே பார்க்காமல், "உனக்குப் போதும்," என்றாள்.

"உனக்கு என்னடி? கால் தானே தரையில படாது. எம்புருசன் தரைக்கு அடியில போகப்போறான்."

அதற்குப் பேச்சியிடம் பதில் இல்லை. அன்றைக்குக் காரும் பூட்டியிருக்கவில்லை.

ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஊர் கூடியது. இருபத்துமூன்று பேரில் பதினைந்து பேர் விற்கக் கூடாது என்றார்கள். நான்கு பேர் விற்கலாம் என்றார்கள். அதில் ஒருவர் வயதாவதற்குப் பயந்தவர், மற்ற மூவரும் வேலைக்குப் போகப் பிடிக்காதவர்கள் என்று பேச்சு. ராசமாயன் பேசுகிறவர் பக்கமெல்லாம் திரும்பினார். துபாய்க்காரனுக்கு லைன் கிடைக்கவில்லை. செல்லாண்டியைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். அவனை நேராகக் கேட்டபோது, "என்னைய விட்டுட்டு முடிவு பண்ணுங்கப்பா. எனக்கு இதுல ஆசை இருக்கு, ஆசை இருக்கிறவன் பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபத்துமூன்றாவது பேச்சி. எல்லோரும் அவள் பேசுவாள் என்று பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

சுருளிவேல் எழுந்தார். வெற்றிலை மாற்றியாகிவிட்டது என்றார். குமரகுருவின் செலவில் செய்த காரை இனி என்னுடையது என்று சொல்ல முடியாது என்றார். செல்லாண்டியின் பக்கம் கையைக் காட்டி, நாக்கில் சர்க்கரை வைத்தவன் மண்ணைப் போட முடியாது என்றார். அவர் சொல்லாத ஒன்றும் இருந்தது, அது கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அலுத்துவிட்டது.

பேச்சி தன் வீட்டுக்குப் போகும் வழியில் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னாள். "நீ வெத்தலை மாத்துனது காருக்குப்பா. எனக்கு இல்ல." அவளுடைய பெண் குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தது. அதன்பிறகு அவள் அவரோடு பேசவில்லை. குழந்தையை மட்டும் காலையில் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுவிட்டு, எதிரே நின்று நடக்கப் பழக்குவாள்.

குமரகுருவின் லாரி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. காரைச் சரிவுப் பலகையில் ஏற்றி, நான்கு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கினார்கள். இந்த முறை ஒரு சாண் இல்லை, லாரியின் உயரம். இருபத்துமூன்று பேரும், கால் மற்றவர்களின் நெஞ்சு மட்டத்துக்கு வர, எழும்பி நின்றார்கள். முந்தின நாளே வீடுகளில் சொல்லியிருந்ததால் கயிறும் துண்டும் தயாராக இருந்தன. மனைவிமார் புருஷன்மாரை இடுப்பில் கட்டித் தூணோடு முடிச்சுப் போட்டார்கள். நாலாம் வளைவுக்காரிக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும், பிறக்குமா என்று மருத்துவச்சியிடம் கேட்கப் போனார்கள். ராசமாயன் மேலே நின்று எல்லோருக்கும் வணக்கம் வைத்தார்.

செல்லாண்டி கட்டிலை விட்டு எழும்பியதும் சட்டை கேட்டான். வெள்ளைச் சட்டை. போட்டுவிட்டதும், "தெருவைச் சுத்திக் கூட்டிட்டுப் போடி," என்றான். காமுத்தாய் அவன் இடுப்பில் கட்டிய துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, மகள்கள் இருவரும் அவன் பாதத்துக்கு ஆளுக்கொரு கை கொடுத்துத் தள்ள, பல மாதமாக வெளியே வராதவன் வெயிலில் கண் கூச வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனான். "என்னா மாப்ள, இப்ப ஒசரத்துல இருக்கேன், மரியாதையாப் பேசு," என்றான். டீக்கடைக்காரர் அவன் கைக்கு எட்டும்படி கிளாஸைத் தூக்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை. ஆவியை மட்டும் முகத்தில் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

லாரி கிளம்பியபிறகு, கார் இல்லாத கொட்டகையில் சுருளிவேல் உட்கார்ந்திருந்தார். மார்பு லேசாக இருந்தது. எதிரே பேச்சி, தன் கணவன் கட்டிய கயிற்றோடு வாசல் வேப்பமரத்தின் கிளையைப் பிடித்து நின்றாள். குழந்தை கொட்டகைத் தூணைப் பிடித்து நின்றது. அது அம்மாவைப் பார்த்தது, தூணை விட்டது, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தது. இன்னோரடி. விழாமல் அவளுக்கு நேர்கீழே வந்து, சேலையைப் பிடிக்கக் கையை மூடியது. கையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி மூடியது. பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்து, அழாமல், மேலே பார்த்தது. பேச்சியால் குனிய முடியவில்லை. கிளையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டாள், அந்த விரல்களுக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவில் மூன்று முழம் இருந்தது.

சுருளிவேல் பாதிக் கண்ணில் இதைப் பார்த்தார். தெருவில் போன ஒருவனின் மொபெட்டை மறித்து, பின்னால் ஏறிக்கொண்டு, "ஓட்டுறா," என்றார்.

லாரி ஊர் எல்லையில் வனத்துறைச் செக்போஸ்டில் நின்றிருந்தது. சுருளிவேல் போய் அதற்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தார்.

"என்னங்க இது?" என்று குமரகுரு இறங்கி வந்தார். "வெத்தலை மாத்தீருக்கமுங்களே."

"மாத்துனேன். இறக்குங்க."

"உங்க ஊரு ஆளுங்க மேல போறது கீழ வர்றதெல்லாம் நானும் கேள்விப்பட்டனுங்க. அது உங்க ஊர் விசயமுன்னு இருந்தனுங்க. வேணாமுன்னா முன்னாடியே சொல்லீருக்கலாமுங்களே?"

"முன்னாடி எனக்குத் தெரியலைங்க. இப்பத்தான் பாத்தேன். வாக்குத் தவறுனவன்னு ஊர் ஊராச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். இறக்கிருங்க."

குமரகுரு கெட்ட மனிதர் இல்லை. லாரிக்குப் பின்னால் போய்க் காரை ஒருமுறை பார்த்துவிட்டு டிரைவருக்குச் சைகை காட்டினார். அவர் போட்ட செலவைக் கோயில் கொடைக்கு வரி போடுவதுபோலத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஊர் பின்னால் அடைத்தது.

சக்கரங்கள் ரோட்டைத் தொட்டன. பேச்சி குழந்தைக்குப் பக்கத்தில் இறங்கினாள். மெம்பர் வணக்கம் வைத்த கையோடு இறங்கினார். செல்லாண்டி அப்போது தேர்முட்டிக்குப் பக்கத்தில், யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவன், சிரிப்பின் நடுவிலேயே தெருவில் இறங்கினான். கால் அவனைத் தாங்கவில்லை. காமுத்தாய் துண்டை விட்டுவிட்டு அவனைப் பிடித்து, முதுகில் ஏற்றிக்கொண்டு, யார் கையும் படவிடாமல் வீடுவரை சுமந்து போனாள். மகள்கள் அவனுடைய செருப்பை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். அவன் அந்தச் செருப்பைப் போட்டிருக்கவில்லை, திரும்பும்போது தேவைப்படும் என்று கொண்டுவந்தது.

அமாவாசைக்கு முன்னால் செல்லாண்டி இறந்துபோனான். கட்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி, விட்ட நாட்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். சுருளிவேல் சுடுகாட்டுக்கு வந்தார், தள்ளி நின்றார், அவரை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேச்சி அப்பாவோடு பேசத் தொடங்கியிருந்தாள். காமுத்தாயின் தெரு வழியாக மட்டும் இருவரும் போவதில்லை.

கருமாதி முடிந்தபிறகு ஒரு நாள் காலையில், தட்டில் வெற்றிலை பாக்கும் கார்ச் சாவியும் வைத்து எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிச் சுருளிவேல் அந்தத் தெருவுக்குள் போனார். காமுத்தாய் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னா மாமா இது?"

"எனக்குக் கண்ணு முழுசாப் போகப்போகுது தாயி. வண்டி நின்னா துருப்பிடிக்கும். அது ஓடணும், ஓடித் தேயணும். அதுகளும் தேயட்டும், எல்லாரையும் மாதிரி. ஓட்ட ஆள் வேணும்."

"ஊர்ல ஆளா இல்ல?"

"இருக்காய்ங்க. ஒவ்வொருத்தனுக்கும் அந்தக் கார்ல தன் ஆளுன்னு ஒண்ணு இருக்கு. அத நெனச்சுத்தான் ஓட்டுவான். நானும் அப்படித்தான் ஓட்டுனேன். உனக்கு இப்ப அதுல ஆளில்ல."

"இல்லாமப் பண்ணது நீங்க."

"ஆமா."

காமுத்தாய் வாளியைக் கீழே வைத்தாள். "நான் அதக் கொண்டுபோய்ப் பாலத்துச் செவத்துல மோத மாட்டேன்னு எப்படிச் சொல்றீங்க? உங்க மக உள்பட இருபத்திரண்டு எலும்பு நொறுங்கும்."

"சொல்லல தாயி. எனக்குத் தெரியாது."

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு ஜீப்பின் டேஷ்போர்டைத் திறந்து ஒரு ரூபாயை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "ஓசியா வாங்குன வண்டி ஒட்டாது," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். ஒரு வெற்றிலையை எடுத்தாள். பாக்கை எடுக்கவில்லை.

ஊர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கொட்டகையிலிருந்து இஞ்சின் சத்தம் கேட்டதும் இருபத்திரண்டு பேரும் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார்கள், கதவு நிலையை, கிணற்றுக் கட்டையை, அடுத்தவர் தோளை. கார் மார்க்கெட் முக்குப் பள்ளத்துக்கு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேகத்தடை. பாலம். பாலத்தில் அவள் காரை மெதுவாக்கியதும் பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். கார் பாலத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. அவர்கள் மூச்சிலேயே ஏற்றம் தெரிந்தது. முதல் வளைவு என்று ராசமாயன் சொன்னார். இரண்டாவது என்றார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

செல்லாண்டி பிறந்த மூன்றாம் வளைவில் காமுத்தாய் காரை ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

கரட்டுப்புதூரில் இருபத்திரண்டு பேருக்கும் நின்ற இடத்தில் கால் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் ஏற ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார், கண்டக்டர் விசில் ஊதவில்லை. நாலாம் வளைவுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள், பக்கத்து வீட்டார் வந்து குடை பிடித்தார்கள். துபாயிலிருந்து போன் வரவில்லை. ராசமாயன், எந்தப் பக்கமும் திரும்பாமல், மலையைப் பார்த்தபடி நின்றார். கொட்டகை வாசலில் பேச்சி ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள், அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை நின்றது. அதன் கால் ஒட்டவில்லை, ஆனாலும் அது நின்றது. உள்ளே சுருளிவேல் ரூபாயை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. எப்போது விடுவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நிழல் மரத்தடியிலிருந்து ரோட்டுக்கு வந்தபோது, மேலே மலையில் எங்கோ ஒரு இஞ்சின் உறுமியது. பேச்சியின் கால் மெல்ல விட்டது. அவள் அடுத்த அடியை வைத்தாள், குழந்தையும் வைத்தது.